பைன் சோப்பும் மூன்று பால் கேன்களும்

வேலை முடிந்து வந்த இம்பி சௌனா என்ற நீராவிக் குளியலறையின் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது பைன் சோப்பு வாசம். அவள் எதிர்பார்த்து வந்தது வேறு வாசத்தை.

முந்தின நாள் நாலு மணிக்கே எழுந்து முளைகட்டிக் காயவைத்த தானியமான மால்ட்டை ஊறவைத்து, ஜூனிபர் புதரின் வாசனைக் கிளை பரப்பிய மரத்தோணி வழியாகச் சொட்டுச் சொட்டாக வடித்து, ஈஸ்ட் கரைத்து, இங்கே மூன்று பால் கேன்களில் சஹ்தி பீரை நுரைக்கப் போட்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை மகள் ரைலிக்குக் கல்யாணம். வீட்டு பீர் இல்லாத கல்யாணத்தை சுஸ்மா ஊரில் இருபது வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுவார்கள்.

நுரை பொங்கக் கேனில் ஒரு ஜாண் இடம் விட வேண்டும் என்று ஊருக்கே சொல்பவள் அவள்தான். ஆனால் நேற்றுச் சாறு கடைசிவரை தித்திப்பாகவே வடிந்தது. கொட்ட மனசு வரவில்லை. இன்னொரு பாத்திரம் தேய்க்கக் கையும் வரவில்லை. நாலு விரல் இடம் போதும் என்று மூடிவிட்டு, விடிந்ததும் முதியோர் இல்லச் சமையலறைக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு சஹ்தி என்றால் காய்ச்சுவது ஒரு நாள், துடைப்பது மூன்று நாள். தன் கல்யாணத்தன்று காலையில்கூட, தலையில் சுருள் கட்டைகளோடு மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியில் பொங்கி வழிந்ததைத் துடைத்தவள் அவள்.

கணவன் தைஸ்தோ படியில் உட்கார்ந்திருந்தான். கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தது. கையில் பிரஷ். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவன் கையில் அதை அவள் பார்த்ததில்லை.

"பாரு கிழவி, தரை சர்ச்சு மாதிரி இருக்கா?"

"பொங்கிருச்சா?"

"வாசல் வரைக்கும் வந்து எனக்கு வணக்கம் சொல்லுச்சு. நீ நேத்து நின்னுக்கிட்டே தூங்குன. வந்து இதையும் நீ துடைக்கணுமான்னு நானே கழுவிட்டேன்."

"எதப் போட்டுக் கழுவின?"

"படித்துறையில கம்பளம் துவைக்கிற சோப்பு."

"தரைய மட்டும்தானே?"

அவன் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கேன் வாயில நுரை காஞ்சு ஒட்டியிருந்துச்சு. மூடியத் திறந்து நல்லா தேய்ச்சேன்."

இம்பி நேரே கேன்களிடம் போனாள். சோப்பு உள்ளே இறங்கினால் நுரையும் போச்சு, ருசியும் போச்சு. மால்ட் மூட்டை காலி. விடுப்பும் தீர்ந்தது. இன்னொரு நாள் மால்ட் ஊறும் தொட்டியில் துழாவ அவள் தோளில் தெம்பு இல்லை.

முதல் கேனைத் திறந்தாள். நுரை தொப்பி மாதிரி நின்றது, நல்ல சஹ்திக்கே உரிய வாழைப்பழ வாசத்தோடு. இரண்டாவதும் அப்படியே. ஓரத்தில் இருந்த மூன்றாவதில் நுரை செத்து, படகு எஞ்சின் ஓடின ஏரித் தண்ணீர் மாதிரி மேலே வண்ணம் மினுங்கியது.

"இதுலதான் ஆரம்பிச்சியா?"

"ஆமா."

"மத்த ரெண்டும்?"

"சோப்பு தீர்ந்துருச்சு. வெறும் தண்ணியிலதான் துடைச்சேன்." கொஞ்சம் வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டான்: "கடைக்குப் போய் வாங்கியிருப்பேன். செருப்பு ஈரமா இருந்துச்சு."

இம்பி பெஞ்சில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை.

"மூணாவதைக் கொண்டுபோய் ஓடையில கொட்டு."

"நாப்பது லிட்டர், கிழவி."

"நான் தூக்குறப்ப எத்தனை லிட்டர்னு நீ கேட்டதே இல்ல, கிழவா."

அவன் இரண்டு இடத்தில் இறக்கிவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான். அவள் ஜூனிபர் கிளைகளைக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் துணியை முக்கி இரண்டு கேன்களின் வாயையும் ஒருமுறைக்கு மூன்று முறை துடைத்தாள். மூடிகளை அதே நீரில் அலசி, இறுக்காமல் சும்மா மேலே வைத்தாள். மிச்சத் தண்ணீர் ஆறியதும் வாளியில் ஊற்றி அதில் காலை விட்டாள்.

திரும்பி வந்த தைஸ்தோ கேட்டான்: "நூத்தம்பது பேருக்கு ரெண்டு கேன் எப்படிப் பத்தும்?"

"சின்னக் கப்புல ஊத்து. பெருசுல காபி."

"பேசுவாங்களே."

"பேசட்டும். கடை பீர் வச்சாங்கன்னு பேச முடியாதுல்ல."

பீரில் ஊறிய கம்பளம் இன்னும் வாசலில் சுருண்டு கிடந்தது. ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. அவன் அதைக் காலால் புரட்டினான். "இத எதப் போட்டுத் துவைக்கிறது?"

"அதுக்குத்தான் அந்த சோப்பு."

"தீர்ந்துருச்சே."

இம்பி கண்ணை மூடிக்கொண்டாள். "செருப்பு காஞ்சிருக்கும். போ."