பூச விடாத வளைவு

சென்ற வாரம் கப்பலூரிலிருந்து சண்முகம் கொத்தனார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, அம்மா போயிட்டாக" என்றார். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. அவர் அப்படிச் சொல்வது ஒருவரைத்தான். கட்டடக்கலைஞர் முத்துச்செல்வி, கீழக்குயில்குடியில் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்து, உதவித்தொகையில் ஜெர்மனி போய்ப் படித்து, மதுரைக்கே திரும்பி வந்தவர்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய 'பெரியவரை'த் தெரியும். ஆலைகளும் நீராவி இயந்திரங்களும் பெருகத் தொடங்கிய காலத்தில் வாழ்ந்த ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் அவர். சிறு வயதில் ஊர் தீப்பிடித்து எரிந்தது, தகப்பனை இழந்தார், எரிந்த ஊர் மறுபடி எழும்புவதைப் பார்த்தே வளர்ந்தார். பின்னாளில் இங்கிலாந்து போய்ச் செங்கல் ஆலைகளைப் பார்த்தார். அவற்றின் பிரம்மாண்டம் அவரை மிரட்டியது. ஆனாலும் ஊர் திரும்பி, அதே செங்கலைப் பூச்சில்லாமல் வெளியே தெரியவிட்டு ஒரு கட்டடக்கலைப் பள்ளியைக் கட்டினார். "எது தாங்குதோ அது வெளிய தெரியணும்" என்று முத்துச்செல்வி சொல்வது அந்தப் பெரியவரிடமிருந்து கற்றதுதான்.

சித்தாள்கள் பெரியவர் என்பது அவருடைய மாமனார் என்றே வெகுநாள் நினைத்திருந்தார்கள். "ஜன்னலு அம்புட்டு உசரத்துலயாம்மா? பெரியவரு சொல்லிட்டாரா?" என்பார்கள். "சொல்லிட்டாரு, நீ வை" என்பார்.

கப்பலூரில் ஒரு தையல் ஆலைக்கு அவர் செங்கல் வளைவுகள் வைத்த கூடம் கட்டினார். சுண்ணாம்புக் காரை இறுக நாளாகும். ஆடி பிறந்துவிட்டால் திறப்பு விழா வைக்க முடியாது என்று முதலாளி ஆனியிலேயே முகூர்த்தம் குறித்துவிட்டார். விழாவுக்கு முதல் நாள் காலை, முத்துச்செல்வி இல்லாத நேரத்தில், வளைவுகளைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரிக்கச் சொன்னார். விழாவைப் பற்றிப் பத்திரிகைக்கு முன்செய்தி எழுத நான் போயிருந்தேன்.

கடைசி வளைவின் முட்டுக்கட்டையை உருவியதும் மேலேயிருந்து காரைப் பொடி உதிர்ந்தது. அப்போதுதான் முத்துச்செல்வி வந்து இறங்கினார். வளைவில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரல் நீளம் ஓடியது.

"எல்லாரும் வெளிய போங்க. சண்முகம், ஆப்புக்கட்டையைக் குடு."

"நீங்க போங்கம்மா, நான் அடிக்கிறேன்."

"வரைஞ்சது நான். குடு."

சண்முகம் போகவுமில்லை, ஆப்பைக் கொடுக்கவுமில்லை. முத்துச்செல்வி முட்டுக்கட்டையை வளைவின் கீழே மறுபடி நிறுத்திப் பிடித்துக்கொள்ள, சண்முகம் அதன் அடியில் ஆப்பை மெல்லத் தட்டி இறுக்கினார். ஓங்கி அடித்தால் மேலே அதிரும். ஒவ்வொரு தட்டுக்கும் பொடி முத்துச்செல்வியின் தலையில் விழுந்தது. பிறகு விழுவது நின்றது.

வாசலில் நின்று பார்த்த முதலாளி மூச்சுவிட்டார். "அதான் நின்னுருச்சே. மேல பூசி விட்ருவோம். நாளைக்கு அம்புட்டுப் பேரும் வாராக."

"நிக்கலை. முட்டுக் குடுத்திருக்கோம். இதப் பிரிச்சுட்டுத்தான் கட்டணும்."

"ஆடி பொறந்துரும்மா."

"பொறக்கட்டும். கீழ உக்காந்து தைக்கப் போறது உங்க வீட்டுப் பொம்பளைகன்னா நாளைக்குத் திறப்பீகளா?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அண்ணே, இதெல்லாம் எழுதிறாதீக."

"எழுதட்டும்" என்றார் முத்துச்செல்வி. "நான் வரைஞ்ச வளைவு வெடிச்சுருச்சுன்னு எழுதட்டும். ஊருக்குத் தெரிஞ்சுட்டா நீங்க பூச மாட்டீக."

முட்டுகளை முன்கூட்டியே பிரிக்கச் சொன்னது யார் என்பதையும் எழுதுவேன் என்றேன். "எழுதுங்க. ஆனா என் பேரு முதல்ல வரணும்."

அப்படியே எழுதினேன். விழா ஆவணிக்குத் தள்ளிப்போனது. வளைவைப் பிரித்துக் கட்டினார்கள். இன்றும் அதன் கீழே பெண்கள் தைக்கிறார்கள். வெகுகாலத்துக்கு வேறெந்த ஆலை முதலாளியும் அவரை அழைக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, "கூடம் நிக்குதுல்ல, போதும்" என்றதோடு பேச்சை மாற்றினார்.

இப்போதும் திறப்பு விழாக்களுக்குப் போகிறேன். மேடையில் இருப்பவர்களை விட்டுவிட்டு, கட்டியவரைத் தேடிப் பிடித்து, "எதைப் பிரித்துத் திரும்பக் கட்டினீர்கள்?" என்று கேட்கிறேன். பலரும் சிரித்து நகர்ந்துவிடுகிறார்கள். எப்போதாவது ஒருவர் ஒரு சுவரைக் காட்டுகிறார். என் செய்தியில் முதலில் வருவது அவர் பெயர்தான்.