உதயகுமாரின் நீல டி-ஷர்ட்

நெமிலிச்சேரி உதயகுமாருக்கு வேலை கிடைத்துவிட்டது. சமூக சேவை செய்ததால்தான் கிடைத்தது. ஆவடியில் வேலை தேடுகிறவர்களுக்கு இலவசப் பயிற்சி நடத்திய அம்மையாருக்குத் தெரிந்தால் அடுத்த வகுப்பில் உதாரணமாகவே சொல்வார். என்ன வேலை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட வேண்டும்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தவன். ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்டில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு வீடு தாயம்மாவின் சம்பளத்தில் ஓடியது. தாயம்மா அவனுடைய அம்மா, ஐ.டி. பார்க் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். மகன் பயிற்சிக்குப் போனான். ரெஸ்யூமில் காலியாக இருக்கும் மாதங்களைச் சமூக சேவையால் நிரப்புங்கள், பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்கும், பழக்கம் வேலையாக மாறும் என்றார் அந்த அம்மையார். உதயகுமார் தலையாட்டிக்கொண்டே கேட்டான். யாராவது உறுதியாகப் பேசினால் அவனுக்குத் தலை தானாக ஆடும்.

வானகரத்தில் அடுக்குமாடிக்காரர்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் ஓர் ஏரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். தலைவர் ராகவன், ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆட்களை எடுக்கும் பிரிவின் மேலாளர். உதயகுமாருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? சேர்ந்த அன்றே நீல டி-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் 'தன்னார்வலர்' என்று வெள்ளை எழுத்து. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்; கரையில் நின்று தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது என் சேவை.

மற்றவர்கள் கையுறை மாட்டி, முழங்கால்வரை இறங்கி, ஆளுக்கு ஒரு கொத்து ஆகாயத்தாமரையைக் குழந்தையைப் போல ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு கரையேறுவார்கள். பொங்கல் சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டுமல்லவா. உதயகுமார் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே இருப்பான். ராகவன் கரையிலிருந்து பார்க்கிறாரா என்று நடுநடுவே திரும்பிப் பார்ப்பான். பார்ப்பார். கட்டைவிரலை உயர்த்துவார். அதை அவன் நேர்முகத் தேர்வின் முதல் சுற்றாக எடுத்துக்கொண்டான்.

தாயம்மாவுக்கு இது பிடிபடவில்லை.

"நம்ம ஆளுங்க ஏரில எறங்குனா கூலி குடுப்பாங்கடா. நீ இன்னாடான்னா பெட்ரோல் போட்டுகினு போய் எறங்குற."

"இது கான்டாக்ட்டுமா. உனக்குப் புரியாது."

"எனுக்கா? அவுங்க ஆபீஸ் கக்கூஸ் எத்தினின்னு எனுக்குத் தெரியும். உனுக்குத் தெரியுமா?"

ஒரு ஞாயிறு துணிந்து ராகவனிடம் கேட்டான். ரெஸ்யூமை அனுப்புங்க உதய், பார்த்துட்டுச் சொல்றேன் என்றார். 'சொல்றேன்' என்பது நம் ஊரில் எதற்குச் சொல்வது என்று எல்லோருக்கும் தெரியும். உதயகுமாருக்கும் தெரியும். ஆனால் சொன்னவர் தோளில் கைவைத்துச் சொன்னாரே. கூடவே, நீங்க இல்லன்னா இந்த ஏரியே இல்ல என்றாரே.

ராகவனின் அலுவலகத்தில் கட்டடப் பராமரிப்புக்கு மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியானது. அதில் ரோஹித் என்பவன் உட்கார்ந்தான். அவன் ஏரியைப் பார்த்ததே இல்லை. அவனுடைய மாமா ராகவனோடு பாட்மின்டன் ஆடுகிறவர். விஷயம் தெரிந்து உதயகுமார் கேட்டபோது ராகவன் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அதெல்லாம் பணத்துக்காகப் பண்ற வேலை, உதய். உங்களுக்கு சர்வீஸ் மைண்ட். அதக் கெடுத்துக்காதீங்க."

சம்பளத்திடமிருந்து ஒருவனைக் காப்பாற்றிய நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

இதற்கிடையே உதயகுமார் இழுக்க இழுக்க, மற்றவர்கள் ஏந்தி நின்ற படங்கள் ஊரெல்லாம் சுற்றி நன்கொடை கொண்டுவந்தன. அந்தப் பணத்தில் ஒப்பந்தக்காரரை வைத்து மொத்த ஏரியையும் சுத்தம் செய்யலாம் என்று முடிவானது. குமணன்சாவடியிலிருந்து இருதயராஜ் என்பவர் இடம் பார்க்க வந்தார். தண்ணீரில் ஒருவன் மட்டும் நிற்காமல் வேலை செய்வது அவர் கண்ணில் பட்டது.

"இன்னா நைனா, யார் கான்ட்ராக்ட்ல கீற?"

"யார்கிட்டயும் இல்லண்ணா. சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா."

இருதயராஜ் கரையில் பொங்கல் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. நாளையிலிருந்து என் ஆளாக வா, கூலியும் மதியச் சாப்பாடும் என்றார். பயிற்சியில் சொன்னது பலித்துவிட்டது. பழக்கம் வேலையாக மாறியிருந்தது.

அடுத்த ஞாயிறு படகோடும் கொக்கியோடும் இருதயராஜின் ஆட்கள் ஏரியில் இருந்தார்கள். நடுவே நீல டி-ஷர்ட்டில் உதயகுமார். அதே தண்ணீர், அதே ஆகாயத்தாமரை. கரையில் ராகவனுக்கு யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கட்டைவிரல் உயரவில்லை.

"தம்பி, அந்த ஓரத்துல அப்படியே இருக்கே. பாத்து எடுப்பா."

உதய் தம்பியாகி, 'நீங்க' உதிர்ந்து போக ஒரு வாரக் கூலி போதுமானதாக இருந்தது. என் கையிலிருந்த பாட்டிலை அவனிடம் நீட்டலாமா என்று யோசித்தேன். பாட்டில் தன்னார்வலர்களுக்கு.

பிறகு கிருஷ்ணப்பிரியா வந்தார். எங்கள் குழுவில் டி-ஷர்ட் பொறுப்பு அவருடையது. மிகவும் தயங்கி, மிகவும் மரியாதையாக, வேலைக்கு வருகிறவர்கள் இதைப் போட்டால் படத்தில் குழப்பம் வரும் என்றார்.

உதயகுமார் கழற்றினான். முறுக்கிப் பிழிந்தான்.

"தொவச்சி குடுக்கணுமாக்கா, இப்டியே வாங்கிக்கிறீங்களா?"

அவர் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார்.

குழுப் படத்துக்கு எல்லோரும் பதாகை பிடித்து நின்றோம். பின்னால் வெற்றுடம்போடு ஓர் ஆள் தெரிந்தான். ராகவன் திரும்பி, தம்பி, படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் தள்ளி நில்லுப்பா என்றார். உதயகுமார் கொக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றான். ஒரு படம் சரியாக வரவில்லை என்று இன்னொன்று, கண்மூடிவிட்டேன் என்று யாரோ சொல்ல மற்றொன்று. அவன் அவசரப்படாமல் நின்றான்.

நின்ற நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி.