யாரிடமும் இல்லாத பெயர்

'ஙூ' என்ற எழுத்தை நான் முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருந்த அச்சகத்தில். ஈயத்தில் வார்த்த எழுத்து. பக்கத்துக் குழிகளில் கிடந்தவை எல்லாம் மூக்கும் வாலும் தேய்ந்து கிழடு தட்டியிருக்க, இது மட்டும் வார்த்த அன்றைய மினுக்கத்தோடு கிடந்தது. தமிழில் யாருக்கும் அது தேவைப்பட்டிருக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது, அதுவும் உயிர் பிழைக்க.

விண்வெளிக் கதைகளில் வரும் கிரகங்களுக்கும் அங்கே வாழும் சனங்களுக்கும் எப்படிப் பெயர் வைக்கிறீர்கள் என்று இப்போது கூட்டங்களில் பிள்ளைகள் கேட்கிறார்கள். நானும் தாடியைத் தடவிக்கொண்டு ஒலியழகு, அந்நியத்தன்மை என்று எதையாவது சொல்லிவைக்கிறேன். தாடி நரைத்திருப்பதால் நம்புகிறார்கள். என் பெயர்களை எனக்குப் பொறுக்கித் தந்தவர் அச்சக அக்கா என்பதைச் சொல்ல, கூட்டத்தில் நேரம் போதாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் போய்விட்டிருந்தது. காகிதம் தடை, மண்ணெண்ணெய் தடை. அக்காவின் அச்சு இயந்திரம் காலால் மிதிப்பது என்பதால் அது மட்டும் ஓடியது. புருஷன் கொழும்பில் மாட்டிக்கொண்டிருக்க, அக்காவே எழுத்துக் கோத்து, அக்காவே மிதித்து, அக்காவே ஏசி, அச்சகத்தை நடத்தினார். வேலைக்குக் குறைவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் கண்ணீர் அஞ்சலி, பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் 'கல்வெட்டு' என்று ஒரு சிறு புத்தகம்: படம், வம்சாவளி, புலம்பல் பாட்டு. சனம் சாகச் சாக எழுத்துகள் தேய்ந்தன. 'கண்ணீர்' என்ற சொல்லுக்கு ஒரு 'ண்' கூட முழுசாக இருக்கவில்லை. 'இங்ஙனம் குடும்பத்தினர்' என்று கோத்துக் கோத்து 'ங' கூட மங்கிப்போயிருந்தது.

இந்தச் சாவு வேலைகளுக்கு நடுவே, மாணவர்களுக்கான ஒரு மாதச் சஞ்சிகையையும் அக்கா அடித்துக் கொடுத்தார், கோடு போட்ட கொப்பித் தாளில். அதில் நான் ஒரு தொடர் எழுதினேன். வானத்திலிருந்து இறங்கி வரும் வேற்றுக்கிரகத்தார் ஒரு தீவைப் பிடிக்கும் கதை. குண்டு போடப் பொம்மர் வந்து போகும் ஊரில் வானத்திலிருந்து வருபவர்களைப் பற்றி எழுதுவது கற்பனை வளம் என்று நான் நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். மூளை அந்தப் பக்கம் மட்டும்தான் வேலை செய்தது.

"என்ன விண்வெளி, இண்டைக்கும் கிரகம் கொண்டந்தியோ?" என்பார் அக்கா. "உன்ரை கிரகத்திலை ஒருத்தரும் சாகமாட்டினமோ? செத்தாலெண்டாலும் எனக்கொரு கல்வெட்டு வேலை வரும்."

அந்த வேற்றுக்கிரகத்தாரின் தளபதிக்கு, அகராதியைப் புரட்டித் தேடி, 'நிலவரசன்' என்று பெயர் வைத்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் அவன் தன் படையை விட்டுவிட்டு ஓடிவிடுவான். நகைச்சுவைக்காக.

அந்தக் காலத்தில் குடாநாட்டில் நல்ல தமிழ்ப் பெயர் எதுவும் சும்மா கிடக்கவில்லை. ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போகிற பெடியள் வீட்டுப் பெயரை விட்டுவிட்டுப் புதுப் பெயர் எடுத்தார்கள். அகராதியை எனக்கு முன்பே அவர்கள் புரட்டி முடித்திருந்தார்கள்.

ஒரு பின்னேரம் நான் முக்காலியில் குந்தியிருந்து புரூவ் தாளில் பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மோட்டார் சைக்கிள் என்றால் யாரென்று கேட்கத் தேவையில்லை. பெற்றோல் இயக்கத்திடம் மட்டும்தான் இருந்தது. ஒருவன் உள்ளே வந்தான். என்னைவிட இளையவன். கையில் எங்கள் சஞ்சிகை, என் பக்கம் மடித்தபடி.

"அக்கா, இதை ஆர் எழுதினது?"

அக்கா இயந்திரத்தை நிறுத்தவில்லை. விசாரணைக்கென்று கூட்டிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களையும் எனக்குத் தெரியும், வராதவர்களின் தாய்மாரையும் தெரியும். ஓட நினைத்தேன். வாசலில் அவன் நின்றான். வேறு வழியில்லாத வீரத்தோடு, "நான்தான்" என்றேன். குரல் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டிருந்தது.

"நிலவரசன் எங்கடை பொறுப்பாளர். அவரை ஏன் ஓட வைச்சனீங்கள்?"

"அது... வேற்றுக்கிரகத்து ஆள்."

"பேர் எங்கடை கிரகத்துப் பேரெல்லோ? அண்ணை, ஒருக்கா வந்து கதைச்சிட்டுப் போங்கோ. அக்கா, அதுவரைக்கும் பிரஸ்ஸைப் பூட்டி வையுங்கோ."

இயந்திரம் நின்றது. அக்கா சேலைத் தலைப்பில் மையைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றார்.

"பூட்டலாம் தம்பி. மூண்டு வீட்டு அந்தியேட்டிக் கல்வெட்டு அரைவாசியிலை நிக்குது. அதிலை ஒண்டு உங்கடை பெடியன்தான். தாய்க்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

"உவன் ஒரு விசரன். பொம்மர் வந்தா பங்கருக்குள்ளை போகாமல், அது எத்தினை பாகையிலை சரியுது எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறவன். உவனைக் கூட்டிக்கொண்டு போய் என்ன கதைக்கப்போறியள்? ஒண்டு செய்வம். ஒருத்தரிட்டையும் இல்லாத பேர் ஒண்டு நீங்களே சொல்லுங்கோ. இப்பவே மாத்திக் கோக்கிறன்."

நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். அவன் யோசித்தான். ஒரு பெயர் சொல்ல வாயெடுத்து, "அது காயம் கட்டுற எங்கடை மெடிக்ஸ்" என்று தானே விலக்கினான். இன்னொன்றைச் சொல்லி, "அது பலாலிப் பக்கம்..." என்றான். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் தணிந்தது. "அவன் போன மாசம்." அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது. பெயர் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் இருந்தான், அல்லது இருந்திருந்தான். அவர்களில் பலரை அக்கா ஏற்கெனவே அச்சுக் கோத்திருந்தார். என்னை வெளியே கூட்டிப்போய்ச் சுடுவதைவிட இது பயங்கரமாக இருந்தது.

அப்போதுதான் அக்கா எழுத்துத் தட்டின் மேல் மூலைக் குழிகளில் கைவிட்டு ஒரு பிடி எழுத்தை அள்ளி வந்தார். 'ஙூ', 'ஙீ', 'ஞூ', 'ஞீ'. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாதவை.

"இந்தாங்கோ. இதிலை தொடங்கிற பேர் தமிழன் ஒருத்தனுக்கும் இல்லை. இனியும் வராது."

அந்த மாதத்திலிருந்து கிரகத்தின் பெயர் ஙூஞீ. அங்குள்ளவர்கள் ஙீயர். தளபதி ஞூஙூ. அச்சிட முன் தனக்குக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் போனான். நான் முக்காலியிலிருந்து எழும்ப நெடுநேரம் பிடித்தது. கால் விறைத்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். "ஓம், ஓம், கால்தான்" என்றார்.

சொன்னபடி வந்தான். புரூவை வாங்கி, "ஙூ... ஙூ..." என்று மூக்கால் முயன்றுவிட்டுச் சிரித்தான். சிரித்தபோது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தான். சொந்த ஊர் வல்வெட்டித்துறை என்றும், தகப்பனுக்கு வள்ளம் இருந்தது என்றும் சொன்னான். போகத் திரும்பியவன் நின்றான்.

"அண்ணை, உந்தக் கதையிலை ஒரு ஆளுக்கு என்ரை வீட்டுப் பேரை வைப்பியளோ? இப்ப அதை ஒருத்தரும் கூப்பிடுறேல்லை."

"தளபதியாகவோ?" என்றேன்.

"நல்லவனோ கெட்டவனோ, அது உங்கடை விருப்பம். சாகாத ஆளா இருக்கோணும். அவ்வளவுதான்."

பெயரைச் சொன்னான். சாதாரணமான, கோயில் அர்ச்சனையில் கேட்கிற பெயர். அக்கா தேய்ந்த எழுத்துகளுக்குள் தேடித் தேடி, உள்ளதில் நல்லவையாகப் பொறுக்கி அதைக் கோத்தார். ஙூஞீயின் கடலில் வள்ளம் ஓட்டுகிறவனாக அவனை வைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அஞ்சலிகளைப் புரூவ் பார்க்கும்போதெல்லாம் இயக்கப் பெயருக்குப் பக்கத்தில் வரும் வீட்டுப் பெயரைத்தான் முதலில் பார்ப்பேன். அக்காவும் அதையே பார்க்கிறார் என்பது தெரியும். இருவரும் கதைத்துக்கொண்டதில்லை. தொண்ணூற்றைந்தில் ஆமி வர, எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள் வரை அந்தப் பெயர் எங்கள் கைக்கு வரவில்லை. வேறு அச்சகங்களும் இருந்தன.

காகிதம் இல்லாமல் சஞ்சிகை நின்றபோது தொடரும் நின்றது. புத்தகமாகப் போட முடித்துத் தரச்சொல்லிப் பதிப்பாளர் ஒருவர் நெடுநாளாகக் கேட்கிறார். சோம்பல் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என் முகத்துக்கு அந்தக் காரணம் பொருந்துகிறது. எழுதிய கடைசி வரியில் அந்த வள்ளக்காரன் நடுக்கடலில் நிற்கிறான், ஙீயரின் கப்பல்கள் மேலே சுற்றுகின்றன. அடுத்த வரியை எப்படி யோசித்தாலும் அதில் ஒரு கப்பல் அவன் மேல் இறங்கிவிடுகிறது. அதனால் எழுதுவதில்லை.