முருகவேலும் மூன்று பேரினங்களும்

செண்பகனூரில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் வசிக்கும் முருகவேல், எவரையும் எளிதில் நம்புபவர் அல்லர். பண்ணைக்காட்டிலிருந்து காப்பி மூட்டைகளை ஏற்றி ஜீப் ஓட்டிய காலத்தில், தராசுத் தட்டின் அடியில் குனிந்து பார்த்த பிறகே எடையை ஒப்புக்கொள்வார். முதுகுவலியால் வண்டியை விற்றபின், வீட்டின் பின்புறம் கண்ணாடிக் கொட்டகை அமைத்துப் பாலைநில முட்செடிகளை வளர்க்கலானார். அதன் சாவி மனைவி தேவசேனாவிடம்கூட இருப்பதில்லை.

ஊரைவிட்டுப் போன வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் பழைய நூலொன்றைப் பார்த்துப் பெயரிட்டுக் கொடுத்த விதைகளிலிருந்து வளர்ந்த இரண்டு செடிகளே அவருடைய பெருமை. அடியிலிருந்தே குச்சிகுச்சியாகக் கிளைப்பது ஃபூக்கியேரியா. மெழுகுவத்திபோல் ஒற்றைத் தண்டாக நிற்பது இட்ரியா. இவ்வாண்டுக் கோடைக் கண்காட்சியின் முட்செடிப் பிரிவில், வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்த மூன்று தொட்டிகளை வைக்கவேண்டும் என்பது விதி. இவ்விரண்டோடு ஒரு சப்பாத்திக்கள்ளியையும் சேர்த்துப் பெயர் கொடுத்திருந்தார்.

கண்காட்சிக்கு முந்திய வாரம், அதே பிரிவில் போட்டியிடும் வேல்ராஜ் தேநீர்க் கடையில் அவரை மறித்தார்.

“அண்ணே, இட்ரியாங்கறது பழைய பேரு. அதையும் ஃபூக்கியேரியாவுலயே சேத்துப்புட்டாங்க. ரெண்டும் ஒரே பேரினம். கொண்டு போனீங்கன்னா வாசல்லயே திருப்பிருவாங்க.”

“இத எங்கிட்டச் சொல்றதுல ஒனக்கு என்னப்பா லாபம்?”

“சரித்தான், நான் சொல்லவே இல்லன்னு வச்சுக்கங்க!”

வீட்டுக்கு வந்தும் முருகவேலுக்கு மனம் ஆறவில்லை. கைப்பேசியில் தேடினார், இரண்டு பெயர்களுமே கிடைத்தன. அமைப்பாளர்களைக் கேட்கவும் துணியவில்லை. கேட்டால், தம் செடிகள்மீது தாமே ஐயத்தைக் கிளப்பியதாகிவிடும்.

“நல்ல செடிய எடுக்க வச்சுட்டுப் பரிசத் தட்டப் பாக்குறான்” என்றார்.

“ஒருத்தர் வணக்கம் சொன்னாலும் எதுக்குச் சொன்னான்னு கேக்குற ஆளு நீங்க” என்றார் தேவசேனா. “செடியப் போயிப் பாருங்க. ஒங்கள ஏமாத்தி அதுக்கு என்ன ஆகப்போகுது?”

பார்த்தார். இட்ரியாவில் இலை உதிர்ந்த இடத்தில், காம்பின் கீழ்ப்பகுதி மட்டும் தண்டோடு ஒட்டி இறுகி முள்ளாகியிருந்தது. ஃபூக்கியேரியாவிலும் அதே முறை; இளங்கிளையில் காம்பு பாதி முள்ளாகவும் பாதி பச்சையாகவும் நின்றது. சப்பாத்திக்கள்ளியிலோ முட்கள் பஞ்சுபோன்ற சிறு புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பின. உருவத்தில் ஒவ்வாத அவ்விரண்டு செடிகளும் முள் உண்டாகும் விதத்தில் உடன்பிறப்புகளாக இருந்தன.

மறுநாள், இட்ரியாவுக்கு மாற்றாகப் பால் வடியும் சதுரக்கள்ளி ஒன்றைத் தொட்டியில் நட்டார்.

நடுவர்கள் அவருடைய மூன்று தொட்டிகளையும் ஏற்றனர். முதற்பரிசு வேல்ராஜுக்கு, இரண்டாம் பரிசு இவருக்கு. பந்தலுக்கு வெளியே அவரைப் பிடித்துக்கொண்டார் முருகவேல்.

“இப்பவாவது சொல்லு. ஏன் சொன்ன?”

வேல்ராஜ் சிரித்தார். “மூணு பேரு இல்லேன்னா அந்தப் பிரிவையே எடுத்துருவாங்கண்ணே. நானு, நீங்க, பெரும்பாறைக்காரரு ஒருத்தரு. ஒங்களத் திருப்பி அனுப்பிட்டா நான் யார ஜெயிக்கிறது?”

முருகவேலின் முகம், பரிசை வாங்கியபோதுகூட அவ்வளவு மலரவில்லை. கோப்பையை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “பாத்தியா? லாபம் இல்லாம அவன் சொல்லிருக்க மாட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”