வாசலில் நின்ற ஆறு ஆட்டங்கள்

அந்தக் கல்லூரியின் பெண்கள் ஐஸ் ஹொக்கிக் குழுவில் இருபது பேர். கிறிஸ்மஸ் தாண்டும்வரை சந்திரவதனாவுக்கு அவர்களில் ஒருத்தியின் முகமும் தெரியாது. உடுப்புகளைத்தான் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் கூடையில் எறியப்படும் உடுப்புகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்து அலுமாரியில் அடுக்குவது அவளுடைய வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு ஆங்கில எழுத்து பிடிபடவில்லை, இலக்கம் பிடிபட்டது. ஒன்பதாம் இலக்கக்காரி ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பவள். நாலாம் இலக்கக்காரி வலது கையில் மூக்கைத் துடைப்பவள். முப்பது, கோல் காக்கிறவள். அவளுடைய சட்டை நனைந்த சாக்குப் போலக் கனக்கும். எல்லாமே ஆண்கள் குழு போட்டுக் கழித்த சட்டைகள். முதுகில் இருந்த பெயர்களைச் சந்திராதான் பிளேட்டால் நூல் நூலாகப் பிரித்து எடுத்தாள்.

முகம் தெரியாததற்குக் காரணம் இருந்தது. பெண்கள் உடுப்பு மாற்றும் அறையிலிருந்து ஐசுக்குப் போகும் வழி, சலவை அறை வாசலைக் கடந்தே போகும். அவர்கள் புறப்படும் நேரம் சந்திரா பெரிய ட்ரையருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். இறப்பர் விரிப்பில் சறுக்குச் சப்பாத்துக் கத்திகளின் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகே வெளியில் வருவாள். ஒரு காரியத்துக்குப் போகிறவர்களுக்குத் தன்னுடைய முழிவியளம், எதிரில் தன் முகம் படுவது, ஆகாது என்பது அவள் ஊரில் படித்த பாடம்.

அவளுடைய புருசன் இரத்தினவேல், 1985 வைகாசியில் வெங்காய லொறியில் கொழும்புக்குப் போனவன். ஆளும் வரவில்லை, லொறியும் வரவில்லை. கல்யாணம் முடித்துப் பதினாலு மாதம். "பொட்டை அழிச்சாயெண்டால் என்ர பிள்ளையை நீ சாக்காட்டுறாய் எண்டுதான் அர்த்தம்" என்று மாமியார் சொன்னார். அதே மாமியார் சந்தைக்கு வெளிக்கிடும்போது படலையில் சந்திராவைக் கண்டால், திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார். மனைவியா, தாலியறுத்த அறுதலியா என்று ஊருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் கனடாவுக்கு வந்தாள். ஸ்காபரோவில் யூஜினி அக்காவின் அப்பார்ட்மெண்டில், முன்னறைச் சோபாவில் படுக்கை. அதே கல்லூரிக் கன்ரீனில் வேலை செய்த யூஜினிதான் இந்தச் சலவை வேலையையும் எடுத்துக் கொடுத்தவர்.

குழு முதல் ஏழு ஆட்டமும் தோற்றது. ஒளித்து நின்றும் தோற்கிறார்களே என்று சந்திராவுக்குப் பெரிய சங்கடம்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, சத்தம் ஓய்ந்துவிட்டது என்று வெளியில் வந்தவளுக்கு முன்னால் முப்பதாம் இலக்கம் நின்றது. குழாயில் காயப்போட்ட கழுத்துப் பட்டியை எடுக்க ஓடி வந்திருந்தாள். நேருக்கு நேர் முகம். போச்சு, எல்லாம் போச்சு என்று சந்திரா நினைத்தாள். அந்தப் பிள்ளை பட்டியை எடுத்து, தலையணை போன்ற கையுறையால் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓடினாள். சந்திரா நின்ற இடத்திலேயே பிள்ளையாரைக் கும்பிட்டாள்.

அன்றைக்குத்தான் அவர்கள் முதன்முதலாக வென்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை முப்பது நேரே ட்ரையருக்குப் பின்னால் வந்து அவளை இழுத்துக்கொண்டுபோய் வாசலில் நிறுத்தினாள். இருபது பேரும் வரிசையாகத் தோளில் தட்டிக்கொண்டு போனார்கள். அன்றும் வெற்றி.

"எடி சந்திரா, உவளவை என்ன சொல்லுறாளவை தெரியுமே? உன்னைத் தொட்டுட்டுப் போனால்தான் வெல்லுவினமாம்" என்றார் யூஜினி.

"பகிடி விடாதையுங்கோ அக்கா."

"அந்தோனியாராணை. அவையின்ர கோச் மனுசியே கன்ரீனிலை வந்து சொன்னவ. ஊரிலை உன்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவாங்கள் எண்டாய். இஞ்சை வெள்ளைக்காரியள் கியூவிலை நிக்கிறாளவை. கோயில் யானை மாதிரி அசையாமல் நில்லு."

சந்திரா சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "அப்ப அவர் இருக்கிறார் அக்கா."

"ஆர்?"

"இவர். நான் அறுதலியெண்டால் அவையள் வெல்லுவினமே?"

யூஜினி கோப்பையை அவள் பக்கம் தள்ளினார். "தேத்தண்ணியைக் குடி, ஆறுது" என்றார்.

அதற்குப் பிறகு சந்திரா ஆட்டம் பார்த்ததெல்லாம் சலவை அறைக்கு வெளியே இருந்த கண்ணாடி வழியாக, இலக்கப் பலகையில்தான். இடப்பக்கம் எங்கட, வலப்பக்கம் மற்றவை என்று யூஜினி சொல்லிக் கொடுத்திருந்தார். நாலுக்கு மூன்று. ஐந்துக்கு இரண்டு. ஒருநாள் இரண்டுக்கு ஒன்று. அன்று கடைசி நிமிடம்வரை அவள் மூச்சு விடவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் இரத்தினவேல் உயிரோடு இருந்தான்.

ஆறாவது வெற்றிக்குப் பிறகு, தேவாலய நிலவறையில் பழைய சாமான் விற்ற இடத்தில் ஆண்களின் பனிச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினாள். ஒன்பதாம் அளவு. சோபாவுக்குக் கீழே தள்ளி வைத்தாள். யூஜினியின் கணவர் அமிர்தநாதர் கண்டுவிட்டு, "ஆருக்குப் பிள்ளை உது?" என்று கேட்டார். யூஜினி அவருக்குக் கண் காட்டினார்.

மாசி மாதக் கடைசி. சனிக்கிழமை ஆட்டத்தில் வென்றால் இறுதியாட்டம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊரிலிருந்து நீலக் கடிதம் வந்தது. புருசனின் தங்கை, மச்சாள் ரதியின் கையெழுத்து. லொறியில் கூடப் போனவர் சிறையால் விடுபட்டு வந்து சொன்னாராம். பிடித்த மூன்றாம் நாளே அண்ணை முடிந்துபோனாராம். அந்தியேட்டிக் கிரியையும் செய்தாயிற்று. இனி அண்ணி பொட்டு வைக்க வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னா.

சந்திரா அழவில்லை. விரல் மடித்து மாதங்களைக் கூட்டினாள். இருபத்தொரு மாதம்.

"நாளைக்குப் போகாதையடி" என்றார் யூஜினி.

"உடுப்பு மெஷினுக்குள்ள கிடக்கு அக்கா. பிள்ளையள் என்னத்தைப் போடுவினம்?"

காலையில் குங்குமச் சிமிழைத் திறந்தாள், பிறகு மூடினாள். வெறும் நெற்றியோடு பஸ் ஏறினாள். பெண்கள் வருமுன்னே இருபது பேரின் உடுப்பையும் மடித்து வைத்தாள். இந்த முகத்தோடு அவர்களுக்கு முன்னால் நிற்கக்கூடாது. ட்ரையர் மறைவு முப்பதுக்குத் தெரியும். ஆகவே பழைய வலைகளைப் போட்டுவைக்கும் சிறிய அறைக்குள் போய்க் கொளுக்கியைப் போட்டாள்.

"சாண்ட்ரா!" அவர்களுக்கு அவள் பெயர் அவ்வளவுதான் வந்தது. "சாண்ட்ரா!" ஒரு குரல், பிறகு பல குரல். ட்ரையருக்குப் பின்னால் போகும் காலடி. கதவுகள் திறந்து மூடும் சத்தம். இவள் இருந்த கதவையும் யாரோ இழுத்துப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அவன் செத்து இருபத்தொரு மாதம். அப்படியென்றால் ஆறு தரமும் அந்தப் பிள்ளைகள் தொட்டது ஓர் அறுதலியைத்தான். தொட்டும் வென்றார்கள். இன்றைக்கும் போய் நிற்கலாம், ஒன்றும் கெடாது. கை கொளுக்கிக்குப் போனது.

போய் நின்று, அவர்கள் வென்றுவிட்டால்? அந்த ஆறு ஆட்டமும் அவன் உயிரோடு இருந்த ஆறு நாட்கள். அவளிடம் மிச்சம் இருந்தது அதுதான். இன்றைக்கும் வென்றால் அந்த ஆறுக்கும் அர்த்தம் இல்லை, அவன் அந்த நாட்களிலும் இல்லை என்று ஆகிவிடும். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நடுவரின் விசில் கேட்டது. கத்திகளின் சத்தம் வாசலைக் கடந்து போனது. அந்தப் பிள்ளைகளுக்காக உள்ளே போனவள், தனக்காக உள்ளேயே இருந்தாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வெளியில் வந்தபோது பலகையில் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று.

முப்பதாம் இலக்கம் சலவை அறைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. எங்கே போனாய் என்று கேட்கிறாள் என்பது விளங்கியது. பதில் சொல்ல யூஜினி அக்கா பக்கத்தில் இல்லை. "சொறி" என்றாள் சந்திரா. அந்தப் பிள்ளை அவளை உற்றுப் பார்த்தாள். தன் நெற்றியில் விரலை வைத்து, எங்கே அது என்பதுபோலக் கேட்டாள்.

"நோ" என்றாள் சந்திரா. அதற்குமேல் அவளிடம் ஆங்கிலம் இல்லை.

பிள்ளை சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். யாரும் அவளுடைய தோளைத் தொடவில்லை. இருபது சட்டைகளையும் தோய்த்து, மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருடம் பெண்கள் குழு இல்லை. அவர்களுடைய ஐஸ் நேரத்தை ஆண்களின் இரண்டாம் குழுவுக்குக் கொடுத்தார்கள். தான் அன்றைக்கு வாசலில் நின்றிருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்று சந்திரா ஒருமுறை யூஜினியிடம் சொன்னாள். "விசர்க் கதை கதையாதை. கல்லூரிக்காரர் அதை எப்பவோ யோசிச்சு வைச்சிருப்பாங்கள்" என்றார் யூஜினி. இருக்கலாம். ஆண்கள் குழுவின் ஆட்ட நாட்களில் சந்திரா ட்ரையருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவர்களில் ஒருவரும் அவளைத் தேடுவதில்லை.

பனி தொடங்கியதும் அமிர்தநாதரின் சப்பாத்துக் கிழிந்தது. "அது சும்மாதானே கிடக்கு, சந்திரா" என்று யூஜினி தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் குனிந்து சோபாவுக்குக் கீழேயிருந்து இழுத்துக் கொடுத்தாள். அளவு சரியாக இருந்தது.

இப்போது பின்னேரங்களில் அவள் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது, வாசலில் ஈரத்தோடு ஓர் ஆணின் சப்பாத்து நிற்கும். ஒவ்வொரு நாளும் ஒரு கணம் அவளுடைய நெஞ்சு அதைப் பார்த்து ஏமாறும். பிறகு அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு உள்ளே போவாள்.