முகம் தெரிகிற மொனிட்டர்

புதுப் பெட்டிக்குள்ளிருந்து அந்த வெள்ளை "ரெஜிபோம்" கட்டையை இழுக்கும்போது வருகிற கீச்சுச் சத்தத்துக்குப் பல் கூசாதவர்கள் குறைவு. எனக்குப் பல்லோடு சேர்ந்து மனமும் கூசும். யார் வீட்டில் ரி.வி. வாங்கினாலும், துணி தோய்க்கிற மெஷின் வாங்கினாலும், பெட்டி உடைக்கிற நேரம் பார்த்து நான் மெல்லக் குசினிப்பக்கம் நழுவிவிடுவேன். வேலைக்கள்ளன் என்று மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் உண்மைதான் என்பதால் நான் மறுத்ததில்லை.

அந்தச் சத்தம், அப்பா அகதியாக வந்து குடியேறிய நோர்பரியில், எங்கள் வீட்டில் கேட்டது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் கோடையில். இப்போது வயிறு முன்னுக்கும் தலைமயிர் பின்னுக்குமாகப் போய்க்கொண்டிருக்கும் இந்த ஆள் அன்றைக்குத் தும்புத்தடிபோல மெலிந்திருந்த பதினேழு வயதுப் பெடியன். அவனுக்கு இருந்தது ஒரேயொரு கவலை. தான் விளையாடுகிற கொம்பியூட்டருக்கு எத்தனை புள்ளியுள்ள மொனிட்டர் பொருந்தும்?

அந்தக் கோடையில் அப்படியொரு கவலையை வாய்விட்டுச் சொல்லவே வெட்கப்பட்டிருக்க வேண்டும். வன்னியில் சண்டை முடிந்து, மிஞ்சிய சனம் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் முகாம்களில் இருந்தது. எங்கள் வீட்டில் ரி.வி. ஓய்வதில்லை. ஷிப்ட் முடிந்து வருகிற அப்பா ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நிற்பார். அம்மாவின் சோறு கிழமைக்கு மூன்று தரம் அடிப்பிடித்தது. நான் எதைக் கேட்டாலும் அப்பாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "சனம் தண்ணிக்கு வரிசையிலை நிக்குது, உனக்குக் கோலாவோ?" "சனம் தறப்பாளுக்குள்ளை கிடக்குது, உனக்குப் புதுச் சப்பாத்தோ?" அவர் சொன்னது நியாயம் என்று எனக்கும் தெரியும். கோலாவைக் குடித்துக்கொண்டே, நியாயம் என்று ஒத்துக்கொள்வேன்.

அதுவரை என்னிடம் இருந்தது பின்பக்கம் புடைத்த, தூக்கினால் இடுப்புப் பிடிக்கிற ஒரு பழைய பெட்டி மொனிட்டர். புதியதில் எவ்வளவு "ரெசலூஷன்" எடுப்பது என்று இணையத்தில் மாதக்கணக்காக வாசித்தேன். விஷயம் தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். திரை என்பது புள்ளிகளால் ஆன பெரிய பந்தி. கிராபிக்ஸ் கார்ட் அதில் பரிமாறுகிறவன். கண் மூடித் திறப்பதற்குள் அவன் பலமுறை பந்தி முழுக்க ஓடி ஒவ்வொரு இலைக்கும் பரிமாற வேண்டும். இலை கூடினால் படம் துல்லியமாகும். ஆனால் பரிமாறுகிறவனுக்கு இளைக்கும், விளையாட்டு விக்கி விக்கி ஓடும். என்னுடைய கார்ட் நடுத்தரமானது. அதற்கு நடுத்தரத் திரையே போதும் என்று அறிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் எழுதியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் கவனமாக வாசித்துவிட்டு, ஆகக் கூடியதுதான் வேண்டுமென்று முடிவெடுத்தேன். இன்றுவரை நான் ஆலோசனை கேட்கிற முறை இதுதான்.

அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு. "இருக்கிறதுக்கு என்ன குறை? படம் வருது, சத்தம் வருது" என்றார்.

"அதிலை தூரத்திலை நிக்கிற ஆக்கள் தெரியினம் இல்லை அப்பா. இதிலை எண்டால் எவ்வளவு தூரத்திலை நிண்டாலும் முகம் தெரியும்."

நான் சொன்னது விளையாட்டில் கூரைமேல் பதுங்கியிருந்து என்னைச் சுடுகிறவனின் முகத்தை. அப்பாவின் பார்வை ரி.வி.ப் பக்கம் திரும்பியது. கம்பி வேலிக்குப் பின்னால் நிற்கிற சனத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, என்னிடம் மிக மெதுவாகக் கேட்டார்: "வடிவாத் தெரியுமோ?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்தான். "ஓம் அப்பா, வடிவாத் தெரியும்" என்றேன்.

குரோய்டனில் இருந்த ஒரு கொம்பியூட்டர்க் கடைக்குப் போனோம். குரோய்டன் என்றாலே அப்பாவுக்கு அகதி வழக்குகள் பார்க்கிற அந்தப் பெரிய கட்டடம்தான். அங்கே வரிசையில் நின்று நின்று பழகியவர், மொனிட்டர் வாங்கப் போகும்போதும் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கடைக்காரப் பையன் என் கார்டின் பெயரைக் கேட்டுவிட்டு, இவ்வளவு பெரிய ரெசலூஷன் அதற்குத் தாங்காது, ஒரு படி குறைத்து எடு என்றான். அவன் சொன்னதை நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன்: "நல்ல சாமானாம்."

வீட்டில் பெட்டியை உடைத்துத் தூக்கி நிறுத்தினோம். புது வாகனத்துக்கும் புது ஃபிரிட்ஜுக்கும் செய்வதுபோல அம்மா தீர்த்தப் போத்தலோடு வந்தார். மடுமாதா கோவில் தீர்த்தம். நான் கையை விரித்துத் திரைக்கு முன்னால் பாய்ந்தேன்.

"அம்மா, தண்ணி பட்டால் போச்சு!"

"மாதாவின்ரை தண்ணி ஒண்டும் செய்யாது. விலத்து."

ஆசீர்வாதம் முழுவதும் என் ரீ-சேட்டில் விழுந்தது. மொனிட்டருக்குக் கிடைக்கவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கு அதுதான் காரணம் என்று அம்மா கனகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுக்கிற இடத்தில், அப்பா நாலு பேர் கேட்கச் சொன்னார்: "எங்கட வீட்டிலை இப்ப முகம் தெரியிற மொனிட்டர் வந்திருக்கு." நான் இன்னொரு ரோல்ஸ் எடுக்கிறமாதிரி மேசைப் பக்கம் திரும்பினேன். கூட்டத்தில் திரேசா அன்ரியும் நின்றார். மன்னாரில் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர், இங்கே இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அவருடைய ஒரே தம்பி அன்ரன் மாசி மாதத்துக்குப் பிறகு எங்கே என்று யாருக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது. முகாமில் தண்ணீருக்கு நிற்கிற சனத்தின் படமொன்று ஓர் இணையத்தளத்தில் வந்திருப்பதாகவும், அதில் அன்ரனைப்போல ஒருவன் நிற்பதாகவும் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

பூசைச் சேலையோடு, செபமாலை கையில் சுற்றியபடி, அன்ரி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கதிரையைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டார். நான் படத்தைத் திறந்தேன்.

பழைய பெட்டி மொனிட்டரில் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்திருக்கக்கூடிய படம், புதியதில் தீப்பெட்டி அளவுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றது. புள்ளிகள் நெருங்கி நெருங்கி இருந்தால் சின்னப் படம் இன்னும் சின்னதாகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை நான் எங்கோ வாசித்தும் இருந்தேன்.

"என்னடா, பெரிசு வாங்க அது சின்னனாக் காட்டுது?" என்றார் அப்பா.

"பொறுங்கோ, பெருப்பிக்கிறன்."

பெருப்பித்தேன். மனிதர்கள் சதுரம் சதுரமாக உடைந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சீமெந்துக் கல் அடுக்கியதுபோல ஐந்தாறு கட்டிகள். அன்ரி முன்னுக்கு வந்து மூக்கு முட்டப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு வா ராசா" என்றார். ஏலாது அன்ரி, படத்தில் உள்ளதே அவ்வளவு புள்ளிதான், திரை எவ்வளவு நல்லதென்றாலும் இல்லாததைக் காட்டாது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக இன்னொரு தரம் பெருப்பித்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.  ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பதற்றத்தில் நான் செய்தது, விளையாடுகிற எவனும் செய்யாத வேலை. அமைப்புக்குள் போய், ரெசலூஷனை இருந்ததிலேயே ஆகக் குறைந்ததற்கு இறக்கினேன். திரை கறுத்தது. "முடிஞ்சுது" என்று அம்மா சிலுவை போட்டார். திரும்ப வெளிச்சம் வந்தபோது எல்லாம் புட்டுக்குழல் பருமனில் நின்றது. இப்படியே இருக்கட்டுமா என்று கொம்பியூட்டர் கேட்டது. நான் பதில் சொல்லப் பிந்த, அது தன்பாட்டில் பழையபடி சுருங்கியது. "ஐயோ, போயிட்டான்!" என்று அன்ரி கத்தினார். இரண்டாம் தரம் சரியாக அமத்தினேன்.

இப்போது படம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அகலத் திரைக்கு ஏற்ப எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. தறப்பாள் கூடாரங்கள் அகன்றிருந்தன. வாளியோடு நின்ற சனமெல்லாம் கன்னம் உப்பி, தோள் பருத்து, கலியாண வீட்டுக்கு வந்த பெரிய மனிதர்கள்போல நின்றார்கள்.

அன்ரி திகைத்துப்போனார். "மாதாவே! இவ்வளவு நாளும் பட்டினி கிடந்த சனம் எப்பிடியடா இப்பிடிக் கொழுத்து நிக்குது?"

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அப்பாவுக்கு, பிறகு அன்ரிக்கே. மாதக்கணக்காகச் சிரிக்காத வீட்டில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பு நின்றபோது ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியவில்லை. அன்ரி எழுந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனார். கோப்பையோடு குசினி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"தள்ளு ராசா. மறைக்காதை."

நான் விலகினேன்.

"மூண்டாவது ஆள். ஒற்றைக் காலிலை நிக்கிறான் பார், மற்றக் காலைத் தூக்கி முழங்காலிலை முண்டு குடுத்துக்கொண்டு. கொக்கு மாதிரி. சிலுவைப்பாதைக்கும் அவன் இப்பிடித்தான் நிப்பான், எங்கட அம்மா குட்டுவா. அது அன்ரன்தான்."

வீட்டில் கொம்பியூட்டர் தெரிந்தவன் நான் என்பதால் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "முகம் தெரியேல்லை அன்ரி" என்றேன். அந்தக் கோடையில் நான் சொன்ன முதல் உண்மை.

"முகம் ஆருக்கடா வேணும்?" என்றார் அவர்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். நான் ரெசலூஷனை இறக்குவேன்; அவர் குசினி வாசலில் நின்று பார்ப்பார்; தம்பியின் பெயரில் பூசை ஒப்புக்கொடுக்கக் காசு கொடுப்பார். அவர் போனபின் நான் திரும்ப ஏற்றிவிட்டு விளையாடுவேன். பரிமாறுகிறவனுக்கு இளைத்தாலும், நின்ற இடத்தில் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது: நான் சுட்டு விழுத்துகிறவனின் தாடி மயிர், நெற்றி வியர்வை, சட்டைப் பொத்தான். பிறக்காத ஒருவனுக்கு இவ்வளவு புள்ளி செலவழித்திருந்தார்கள். அதை நினைத்தால் விளையாட மனம் வராது. ஆனால் விளையாடினேன். அதை ஏன் மறைக்க வேண்டும்.

அடுத்த வருடம் அன்ரன் ரெலிபோன் எடுத்தான். உயிரோடு, மன்னாரில், பெரியம்மா வீட்டில். எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து அன்ரி அழுதார், சிரித்தார், அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அன்ரன் அடைபட்டிருந்தது வேறொரு முகாமில். படத்தில் இருந்த முகாமின் வாசலைக்கூட அவன் மிதிக்கவில்லை. இதைச் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"அப்ப அவன் ஆர்?"

அப்பா, "ஆராயிருந்தால் என்ன, உன்ரை தம்பி வந்திட்டான் எல்லோ" என்றார்.

"அவனையும் ஒருத்தி தேடிக்கொண்டிருப்பாள்தானே அண்ணை" என்றார் அன்ரி. அந்த ஞாயிறு நன்றிப் பூசைக்குக் கொடுத்தபோது, பெயர் தெரியாத ஒருவருக்கென்று இன்னொரு பூசைக்கும் சேர்த்துக் கொடுத்தார். இன்றைக்கும் கொடுக்கிறார்.

அந்த மொனிட்டர் எப்போதோ கவுன்சில் குப்பைக்குப் போய்விட்டது. குரோய்டன் கடை இருந்த இடத்தில் நகம் அழகுபடுத்துகிறார்கள். போன மாதம் அன்ரியைப் பார்க்கப் போனேன். ஃபோனில் அன்ரன் முகம் திரை நிறைய, பல்லுக்கிடையில் சிக்கிய கீரை தெரியத் தெரிய, அக்காவோடு காணிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வைத்ததும் அன்ரி என்னிடம் கேட்டார்: "இப்பத்தையான் ஃபோனுகள் எல்லாம் நல்லதெல்லோ. அந்தப் படத்தை ஒருக்கால் எடு. மற்றவனைப் பாப்பம்."

தேடினேன். அந்த இணையத்தளமே இல்லை. பெயரை அடித்தால் சப்பாத்து விற்கிற பக்கம் வருகிறது. வேறு எவரும் எடுத்துவைத்ததாகத் தெரியவில்லை. நானும் எடுத்துவைக்கவில்லை, அவ்வளவு இடம் கொம்பியூட்டரில் இருந்தது, எல்லாவற்றையும் விளையாட்டுக்குக் கொடுத்திருந்தேன்.

"இல்லை அன்ரி. அழிஞ்சு போச்சு."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "சிவப்பு வாளி, என்ன? கையிலை சிவப்பு வாளி வைச்சிருந்தவன்" என்றார்.

"மஞ்சள் அன்ரி."

"சிவப்படா. எத்தினை ஞாயிறு பாத்தனான்."

"நானும்தான் பாத்தனான். மஞ்சள்."

வழக்கமாக நான் பெரியவர்களோடு வாக்குவாதப்படுவதில்லை. ஒரு பகிடி விட்டுத் தப்பிவிடுவேன். அன்றைக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவரும் விடவில்லை. தேத்தண்ணி ஆறும்வரை, அது சிவப்பா மஞ்சளா என்று இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.