உறையில் இல்லாத வயலின்காரர்

சவரிமுத்து வாசித்த வயலினைத் தன்னுடைய ஆர்கன் என்று இன்னொருவர் இசைத்தட்டின் உறையில் அச்சடித்துக்கொண்டார். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னால் முடியாது.

சென்ற மாதம், பதுளையில் நான் வானொலி திருத்தும் கடைக்கு முன்னால் மடுல்சீமை பஸ் நின்றது. அங்கே தரிப்பிடம் கிடையாது. கண்டக்டர் மிதிபலகையில் நின்றபடியே, முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் அழைக்கும் முறையில், "நானா, ஒங்க வயலின்காரரு போயிட்டாருங்க. நெஞ்சுச் சளி. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கிறாங்க. அவரு அக்கா சொல்லச் சொன்னாங்க" என்றார். ஈயம் பற்றவைக்கும் கோல் என் கையில் இருந்தது. மேசை விரிப்பு கருகிய நாற்றம் வந்தபிறகுதான் அதை எங்கே வைத்தேன் என்று தெரிந்தது.

சவரிமுத்து மடுல்சீமைத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வயலின் வாசிப்பார். நிலவில் மனிதன் இறங்கிய செய்தியை என் கடையில்தான் கேட்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவர் மட்டும், "அங்க காத்தே இல்லையாமே நானா, அப்ப சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"சத்தமே இருக்காது தம்பி."

"அப்ப நாமதான் உண்டாக்கணும்."

அடுத்த வாரம் வயலினோடு வந்து நின்றார். கிராமபோனின் ஊசித் தலையைக் கழற்றி வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையில் பொருத்தி, ஒலிபெருக்கியில் கொடுத்தேன். பழுதான பெட்டிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன் நான். எனக்கும் இது புதிது. எதிரொலி வேண்டும் என்றார். இரண்டு ஸ்பூல் ரெக்கார்டர்களுக்கு நடுவே நாடாவைக் கடைக்குக் குறுக்காக இழுத்து, ஒரு பால்டின்னைச் சுற்றிக் கொண்டுபோனோம். வாடிக்கையாளர்கள் குனிந்துதான் உள்ளே வரவேண்டியிருந்தது. ஒரு சுரத்தை வாசித்து, அது திரும்பி வரும்வரை காத்திருந்து, அதற்குப் பதில் சொல்வதுபோல் அடுத்ததை வாசிப்பார். வெளிநாட்டு வானொலியில் கேட்ட ஜாஸின் தாளம் அதற்கு அடியில் ஓடும். அதற்கு என்ன பெயர் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அவருடைய தொழிற்சாலைச் சங்குக்கு ஒரு குறை உண்டு. ஏறும், உச்சியில் இரண்டு முறை விக்கும், பிறகு இறங்கும். தினமும் அதை ஊதியவர் அவர்தான். மாதா கோயில் திருவிழாவுக்கு நான் ஒலிபெருக்கி கட்டப் போயிருந்த ஒரு ஞாயிறு பிற்பகல், வயலினை அதில் இணைத்து அந்தச் சங்கை அப்படியே வாசித்தார், இரண்டு விக்கலும் சேர்த்து. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களிலிருந்து பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம் அது.

"ஞாயித்துக்கெழமையும் சங்கா? இந்தச் சவரியப் புடிச்சுக் கொழுந்தோட போட்டு அரைங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள். கோட்டுப் பொத்தானைப் போட்டபடி வந்த கங்காணி, "தொரை காதுல விழுந்தா எந்தலைதாண்டா உருளும்!" என்றார்.

"இன்னொருக்கா ஊதவா கங்காணி?" என்றார் சவரிமுத்து.

பிறகு கொழும்பு ஹோட்டலொன்றில் வாசித்த குழு அவரை அழைத்துக்கொண்டது. இசைத்தட்டு வந்தது. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே நீண்ட இசை. அதில் அந்தச் சங்கும் இருந்தது. உறையில் நான்கு பெயர்கள். வயலின் என்ற சொல்லே இல்லை; அந்த வாசிப்புக்கு நேரே ஆர்கன் என்றும் குழுத் தலைவரின் பெயரும் இருந்தன. நான் ரயிலேறிப் போய்க் கேட்டேன். "பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆள். பேரைப் போட்டால் கையெழுத்து, கடுதாசி என்று கரைச்சல்" என்றார் குழுத் தலைவர். நாற்காலி இருந்தும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

சவரிமுத்து மறுபடியும் எஞ்சின் அறைக்கே வந்துவிட்டார். "விடுங்க நானா. சத்தம் வெளிய போயிருச்சு. பேரு லயத்துலயே கெடக்கட்டும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "பேர் கேக்கத் தெரியாதவன் என்ட கடைக்கு வரவேணாம்" என்றேன். அவர் வயலினை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வருடம் வரவில்லை. நானும் போகவில்லை. நான் சொன்ன நியாயத்தில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் கொழும்பில் இருந்தார். ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். போடவில்லை.

அடக்கத்துக்கு இசைத்தட்டையும் கிராமபோன் பெட்டியையும் கொண்டுபோனேன். எல்லாம் முடிந்தபின் லயத்து வாசலில் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். வயலின் ஏறியது, உச்சியில் விக்கியது. தரையில் உட்கார்ந்திருந்த வயதான பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி கூடைக்கயிற்றைத் தேடித் தலையைத் தடவினாள்.

"யாருடி சங்கு ஊதுறது? சவரிதான் போயிட்டானே."

"அவன்தான் ஊதுறான். ஒக்காரு" என்றார் சவரிமுத்துவின் அக்கா.

அந்த இரண்டு விக்கலும் கொழும்பில் எந்த ஆர்கனுக்குத் தெரியும்?

வயலினிலிருந்து கழற்றிய ஊசித் தலையை அக்கா என்னிடம் தந்தார். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இனிச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அந்த வாசிப்பு தன்னுடையதல்ல என்று குழுத் தலைவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இசைத்தட்டை வெளியிட்டவர்கள் புதிய உறை அச்சிட வேண்டும். வானொலியில் அதைப் போடுகிறவர்கள் பெயரைச் சொல்லிப் போட வேண்டும். இவர்கள் செய்யும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்த இசைத்தட்டை வீட்டில் வைத்திருப்பவர்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு பேனா போதும். என் உறையில் நான் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள்: வயலின், மடுல்சீமை சவரிமுத்து.